வயிற்றுக் கோளாறுக்கு எந்தச் சோதனை எழுதுவது? டர்பன் கிளினிக்குகளுக்குப் புதிதாக வரும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும்

சென்னையிலோ மதுரையிலோ படித்துவிட்டு தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வரும் மருத்துவர் முதல் வாரத்தில் தேடுவது ‘பேக்கேஜ்’. ஊரில் முழு உடல் பரிசோதனை என்று ஒரே விலையில் அறுபது, எழுபது முடிவுகளை அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். தடித்த எழுத்தில் எது இருக்கிறதோ அதற்கு மருந்து எழுதிப் பழகியிருப்போம். இங்கே அந்த வசதி கிடையாது. பொதுக் கிளினிக் என்றால் மாதிரி தேசிய சுகாதார ஆய்வகச் சேவைக்குப் போகும். படிவத்தில் ஒவ்வொரு சோதனையையும் நீங்களே குறிக்க வேண்டும். போன வாரம் செய்ததையே மறுபடி கேட்டாலோ, உங்கள் நிலைக்கு அனுமதி இல்லாததைக் கேட்டாலோ கணினி விதிகளே பல இடங்களில் திருப்பிவிடும். தனியார் பக்கம் மெடிக்கல் எய்டு என்ற மருத்துவக் காப்பீடு பணம் தர ஐசிடி-10 என்ற நோய்ப் பட்டியலின் குறியீடு வேண்டும். செரிமானக் கோளாறுக்கு கே30, வயிற்றுப்போக்குக்கு ஏ09 என்று காரணத்தைச் சொல்லித்தான் சோதனையைக் கேட்க முடியும்.

புதிதாக வந்தவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். எனக்கு இந்த ஏற்பாடு பிடித்துப்போனது. எந்தக் கேள்விக்காக அனுப்புகிறோம் என்று ஒரு வரியில் சொல்ல முடியாத சோதனையை எழுதக் கூடாது என்பது என் கட்சி. கணக்கும் அதையே சொல்கிறது. ‘இயல்பு அளவு’ என்பது ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் அடங்கும் எல்லை. நோயே இல்லாத ஒருவருக்கு ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 சோதனைகள் செய்தால், ஒன்றாவது எல்லை தாண்டி வர ஏறக்குறைய 64 சதவீத வாய்ப்பு உண்டு. அந்த ஒன்றைத் துரத்திக்கொண்டு ஸ்கேன், சிறப்பு மருத்துவர் என்று மூன்று மாதம் போய்விடும்.

முதல் படி: கையருகே உள்ள சோதனைகள்

ஆய்வகப் படிவத்தைத் தொடுவதற்கு முன், அறையிலேயே ஐந்து நிமிடத்தில் முடியும் சோதனைகளை நினையுங்கள். புதியவர்கள் அதிகம் தவறவிடுவது இவற்றைத்தான்.

குழந்தை பெறும் வயதில் உள்ள பெண் வயிற்று வலி என்று வந்தால் சிறுநீரில் கர்ப்பச் சோதனை. மாதவிலக்கு சரியாக வருகிறது என்று அவர் சொன்னாலும், மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் செய்யுங்கள். கருக்குழாயில் தங்கிய கரு ‘கேஸ் தொல்லை’ என்ற பெயரில்தான் பல முறை உள்ளே நுழைகிறது. மாமியாரை வெளியே உட்காரச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம்.

வாந்தியும் வயிற்று வலியுமாக வருபவருக்கு விரல் நுனியில் சர்க்கரை. அது உயர்ந்திருந்தால் கீட்டோன். இந்திய வம்சாவளியினரிடம் நீரிழிவு இங்கே மிகப் பரவலாக இருக்கிறது. கீட்டோன் ஏறிய நீரிழிவு வயிற்று வலியாகவே தன்னைக் காட்டிக்கொள்ளும். மாரடைப்பும் அப்படி வயிற்றுத் தொல்லையாக வரலாம்; அதனால் 45 வயது தாண்டிய நீரிழிவுக்காரர் மேல்வயிறு எரிகிறது, வியர்க்கிறது என்றால் ஈ.சி.ஜி. எடுக்காமல் அமிலத்துக்கு மருந்து எழுதாதீர்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் வயிற்றுப்போக்கு, எடை குறைவு என்றால் எச்.ஐ.வி. விரைவுச் சோதனை. எச்.ஐ.வி. மிகப் பரவலாக உள்ள இந்தக் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் வேலை செய்துகொண்டு இதைக் கடைசியில் நினைப்பது பொருந்தாது. ‘நம்ம ஆட்களுக்கு அதெல்லாம் இருக்காது’ என்று நோயாளியும் நினைப்பார், சில நேரம் மருத்துவரும் நினைப்பார். எல்லோரிடமும் கேட்பது போலவே இவரிடமும் கேட்டு, சம்மதம் வாங்கிச் செய்யுங்கள்.

வயிறு பலகை போல் இறுகியிருப்பது, இரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம், மயக்கத்தோடு நாடி ஓடுவது: இவற்றில் ஏதாவது இருந்தால் ஆய்வக முடிவுக்குக் காத்திருக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

இரண்டாம் படி: கேள்வியை மாற்றிக் கேளுங்கள்

உங்கள் நோயாளிகளில் பலர் 1860-இல் ட்ரூரோ கப்பலில் தொடங்கி இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் ஐந்தாம், ஆறாம் தலைமுறை. பெயர் கோவெண்டர், பிள்ளை, மூட்லி என்று இருக்கும்; பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில். ஆயா, தாத்தா என்று கூப்பிட்டால் முகம் மலரும். ஆனால் ‘மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?’ என்று கேட்டால் கிளினிக்கில் கொடுத்ததை மட்டுமே சொல்வார்கள்.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் வயதான அம்மா ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்று வையுங்கள். சோர்வு, மேல்வயிற்றில் வலி.

“ஆயா, தலைவலி வந்தா என்ன பண்ணுவீங்க?”

“என்ன பண்ணுவேன்? கடையில ஒரு தூள் வாங்கி டீயில போட்டுக் குடிப்பேன்.”

“ஒரு நாளைக்கு எத்தனை?”

“காலையில ஒண்ணு. வேலை ஜாஸ்தின்னா சாயங்காலம் ஒண்ணு.”

கிராண்ட்-பா போன்ற அந்தத் தலைவலித் தூளில் ஆஸ்பிரின், பாரசிட்டமால், காஃபீன் மூன்றும் உண்டு. பெட்டிக்கடையில் ஒற்றைப் பொட்டலமாகக் கிடைப்பதால் அவர் கணக்கில் அது மருந்தே கிடையாது. இந்த ஒரு பதில் அவருடைய சோதனைப் பட்டியலையே மாற்றிவிடுகிறது. இப்போது உங்கள் கேள்வி: வயிற்றுப் புண்ணிலிருந்து இரத்தம் கசிகிறதா? அதற்கு இரத்த அணு எண்ணிக்கையும், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் முதலில் போதும். கல்லீரல், தைராய்டு, வைட்டமின் எல்லாம் அப்புறம்.

இதே வரிசையில் மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரை. பகலெல்லாம் கழிப்பறைக்கு ஓடுகிறேன் என்று வரும் நீரிழிவுக்காரரிடம், மாத்திரை எப்போது தொடங்கியது, அளவு எப்போது கூடியது என்று கேளுங்கள். தேதிகள் பொருந்தினால் மலச் சோதனை எழுதும் முன் அளவைக் குறைத்தோ, மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றியோ பாருங்கள். நீண்ட நாள் மெட்ஃபார்மின் சாப்பிடுபவரிடம் பி12 குறையும் என்பதையும் மனதில் வையுங்கள்.

மலத்தின் நிறத்தைக் கேட்கும்போது உணவையும் கேளுங்கள். இங்கே ஞாயிற்றுக்கிழமை மேஜையில் பீட்ரூட் சாலட் இல்லாத வீடு குறைவு. மறுநாள் சிவப்பைப் பார்த்துப் பயந்து வருவார்கள். இரும்பு மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கும். ஆனால் அது தார் போல் ஒட்டாது, அந்த நாற்றமும் இருக்காது.

மூன்றாம் படி: புகாருக்கு ஏற்ற சோதனை

மேல்வயிற்று எரிச்சல், உப்புசம். விழுங்கச் சிரமம், எடை இறக்கம், தொடர் வாந்தி, இரத்தசோகை, தொட்டால் தெரியும் கட்டி, அல்லது 55–60 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய தொல்லை என்றால் நேராக எண்டோஸ்கோப்பிக்கு எழுதுங்கள். இவை எதுவும் இல்லாதவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஹெலிகோபாக்டர் பைலோரி இருக்கிறதா? இந்தக் கிருமியையும் புண்ணையும் இணைத்ததற்காக மார்ஷலும் வாரனும் 2005-இல் நோபல் பரிசு வாங்கினார்கள். அதற்கு எத்தனையோ ஆண்டு முன்பே, 1984-இல், மார்ஷல் கிருமியைத் தானே குடித்துப் பார்த்துவிட்டார்.

இதற்கு மூச்சுச் சோதனை அல்லது மல ஆன்டிஜென் சோதனையை எழுதுங்கள். இரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்ப்பது மலிவாகத் தெரியும். ஆனால் கிருமி போன பிறகும் எதிர்ப்பொருள் ஆண்டுக்கணக்கில் தங்கும். இப்போது தொற்று இருக்கிறதா என்று அது சொல்லாது. முக்கியமான நிபந்தனை: ஒமிபிரசோல், லான்சோபிரசோல் வகை மாத்திரைகளைச் சோதனைக்கு 2 வாரம் முன்பும், ஆன்டிபயாடிக்கை 4 வாரம் முன்பும் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் ‘இல்லை’ என்று வரும். அதனால் இந்தச் சோதனையை வந்த அன்றே எழுதுவது பெரும்பாலும் வீண்தான். தேதி குறித்துக் கொடுங்கள், இடையில் எரிச்சலுக்கு அன்டாசிட் கொடுங்கள். சிகிச்சை முடிந்து குறைந்தது 4 வாரம் கழித்து, கிருமி ஒழிந்ததா என்று அதே சோதனையால் மறுபடி பார்க்க வேண்டும். இந்தக் கடைசிப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

சில நாள் வயிற்றுப்போக்கு. பெரும்பாலோருக்கு எந்தச் சோதனையும் வேண்டாம். உடலில் நீர் வற்றியிருக்கிறதா என்று பாருங்கள், ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். பொட்டலம் இல்லாத வீட்டுக்கு இங்கே சொல்லிக்கொடுக்கும் அளவு: கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் 8 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, எல்லாம் தலை தட்டி. மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், ஒரு வாரத்துக்கு மேல் நீடிப்பது, எதிர்ப்புச் சக்தி குறைந்தவர், ஒரே விருந்தில் சாப்பிட்ட பலருக்கு வந்தது, உணவுக் கடையில் சமைப்பவர் என்றால் மலத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புச் சோதனை அனுப்புங்கள். முதியவர், இரத்த அழுத்த மாத்திரையோ மெட்ஃபார்மினோ எடுப்பவர் என்றால் யூரியா, கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம். இங்கே கேள்வி கிருமியைப் பற்றியது அல்ல, சிறுநீரகத்தைப் பற்றியது.

அண்மையில் ஆன்டிபயாடிக் எடுத்தவர், மருத்துவமனையில் இருந்து வந்தவர் என்றால் கிளாஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில் என்ற குடல் கிருமிக்கான சோதனை. இதற்குப் பாத்திரத்தின் வடிவம் எடுக்கும் நீர்த்த மலம்தான் வேண்டும். கட்டியான மலத்தை ஆய்வகம் திருப்பிவிடும். குணமான பிறகு மீண்டும் அனுப்பவும் கூடாது.

2017–18-இல் இந்த நாட்டில் பொலோனி என்ற பதப்படுத்திய இறைச்சி வழியாகப் பரவிய லிஸ்டீரியா கிருமி ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைத் தாக்கியது. கர்ப்பிணிக்கோ முதியவருக்கோ காய்ச்சலோடு வயிற்றுப்போக்கு என்றால் இதை நினையுங்கள். வழக்கமான மல வளர்ப்பில் லிஸ்டீரியா தென்படாது. இரத்த வளர்ப்பு அனுப்ப வேண்டும். காலரா, டைஃபாய்டு இரண்டும் சந்தேகம் எழுந்தவுடனேயே 24 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டிய நோய்கள். ஆய்வக முடிவு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

நாள்பட்ட வயிற்றுப்போக்கு, வலி, மலச்சிக்கல் மாறி மாறி. எச்.ஐ.வி. சோதனை முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து இரத்த அணு எண்ணிக்கை, உடலில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., கோதுமையின் குளூட்டனால் குடல் கெடும் சீலியாக் நோய்க்கான எதிர்ப்பொருள். ஒட்டுண்ணி சந்தேகம் என்றால் வெவ்வேறு நாளில் மூன்று மல மாதிரி; எச்.ஐ.வி. உள்ளவருக்கு கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியைப் பார்க்கும்படி தனியாக எழுதுங்கள், வழக்கமான பார்வையில் அது தப்பிவிடும். அமீபாவுக்கு டர்பன் ஒரு காலத்தில் பெயர்போன ஊர். அதற்கென ஆராய்ச்சிப் பிரிவே இங்கே இருந்தது. நுண்ணோக்கியில் தெரியும் அமீபா நோய் தரும் வகையா, சும்மா குடியிருக்கும் டிஸ்பார் வகையா என்று பார்வையால் மட்டும் சொல்ல முடியாது. அறிக்கையில் ‘அமீபா நீர்க்கட்டி’ என்று கண்டதும் எல்லாவற்றுக்கும் அதுவே காரணம் என்று முடிவுகட்ட வேண்டாம்.

சீலியாக் சோதனையில் நம்மவர்களுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. டி.டி.ஜி. என்ற அந்த ஐஜிஏ வகை எதிர்ப்பொருளோடு மொத்த ஐஜிஏ அளவையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஐஜிஏ பிறவியிலேயே குறைந்தவருக்கு எதிர்ப்பொருளும் ஏறாது. இது எல்லோருக்கும் பொது. ஆனால் சோதனைக்கு முன் ஆறு வாரமாவது தினமும் ஒரு வேளைக்கு மேல் கோதுமை சாப்பிட்டிருக்க வேண்டும் என்ற விதி, இட்லி, தோசை, சோறு என்றே இருப்பவரிடம் அடிபட்டுப்போகிறது. தமிழ்நாட்டிலிருந்து போன மாதம்தான் வந்த மென்பொருள்காரர் ஒரு வகை, ரொட்டியைக் குடைந்து கறி ஊற்றும் பன்னி சௌவும் ரொட்டியுமாக வளர்ந்த, டர்பனின் பீனிக்ஸ் பகுதிக்காரர் இன்னொரு வகை. முன்னவரின் ‘நெகட்டிவ்’ அறிக்கைக்கு மதிப்புக் குறைவு. தென்னிந்தியரிடம் இந்த நோய் வட இந்தியரைவிட மிக அரிது என்பதும் நினைவிருக்கட்டும்.

குடல் அழற்சியைக் காட்டும் புரதத்தை மலத்தில் அளக்கும் கால்புரொடெக்டின் ஒரு நல்ல சோதனை, விலை அதிகம். இளம் வயதினருக்கு நீடித்த வயிற்றுப்போக்கு. இது குடல் அழற்சி நோயா, எரிச்சல் குடலா? அந்த ஒரு கேள்விக்குத்தான் இது. கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் அழற்சி நோய் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 250-ஐத் தாண்டினால் சிறப்பு மருத்துவரிடம் போக வேண்டும். நடுவில் வந்தால் வலி மாத்திரைகளை நிறுத்திவிட்டுச் சில வாரம் கழித்து மறுபடி பாருங்கள். அவையும் ஒரு சாதாரணத் தொற்றும் கூட இதை ஏற்றிவிடும். மலத்தில் இரத்தம் கண்ணுக்குத் தெரிகிறவருக்கு இதை எழுதிக்கொண்டு நேரம் கடத்த வேண்டாம்.

எல்லாம் இயல்பு, மூன்று மாதமாக வாரத்தில் ஒரு நாளாவது வலி, வலிக்கும் மலம் போவதற்கும் தொடர்பு, எத்தனை முறை போகிறது என்பதும் மலத்தின் தன்மையும் மாறியிருக்கின்றன. இது எரிச்சல் குடல்தான் என்று பெயர் சொல்லுங்கள். இன்னொரு சுற்றுச் சோதனை வேண்டாம். பால் ஒத்துக்கொள்ளவில்லையா என்ற சந்தேகத்துக்கு இரண்டு வாரம் பாலை நிறுத்திப் பார்ப்பதே போதும். தென்னிந்தியப் பெரியவர்களில் பெரும்பாலோருக்கு லாக்டோஸ் முழுதாகச் செரிக்காது.

இரத்தசோகை. ஃபெரிட்டின் லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் இரும்புக் குறைவு உறுதி. உடலில் அழற்சி இருந்தால் அது பொய்யாக ஏறும். 50, 60 என்று வந்தாலும் இரும்பு போதும் என்று நம்பிவிடாதீர்கள். ஆணுக்கும், மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கும் இரும்புக் குறைவு என்றால் மேலும் கீழும் எண்டோஸ்கோப்பி வேண்டும். வெறும் இரும்பு மாத்திரை கொடுத்து அனுப்பினால் குடல் புற்றை ஆறு மாதம் மறைத்து வைத்ததாகும். சிவப்பணுவின் அளவு சிறுத்தும் ஃபெரிட்டின் நன்றாகவும் இருந்தால் தாலசீமியா என்ற பரம்பரை இரத்தக் குறையின் கூறு இருக்கலாம். இந்திய வம்சாவளியில் அது உண்டு. மலத்தில் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்த இரத்தத்துக்கு எஃப்.ஐ.டி. சோதனை கிடைத்தால் அதையே எழுதுங்கள். பழைய குவாயக் முறைக்கு இறைச்சியையும் வைட்டமின் சி-யையும் நிறுத்த வேண்டும். இரத்தம் கண்ணுக்கே தெரிகிறது என்றால் இரண்டும் தேவையில்லை.

மஞ்சள் காமாலைக்குக் கல்லீரல் நொதிகள், ஹெபடைடிஸ் ஏ ஐஜிஎம், ஹெபடைடிஸ் பி மேற்பரப்பு ஆன்டிஜென். பி தடுப்பூசி இங்கே குழந்தைகளுக்கு 1995-இல்தான் தொடங்கியது. அதற்கு முன் பிறந்தவர் போட்டிருப்பார் என்று எடுத்துக்கொள்ள முடியாது. மேல்வயிற்றிலிருந்து முதுகுக்குப் பாயும் வலி என்றால் கணைய நொதியான லிபேஸ், ஒரு முறை. இயல்பின் மூன்று மடங்கைத் தாண்டினால் கணைய அழற்சி என்று கொண்டு அனுப்பிவிடுங்கள். தினமும் அளக்க வேண்டியதில்லை.

நான்காம் படி: கேட்டாலும் எழுதாதவை

டைஃபாய்டுக்கான வைடால் இரத்தச் சோதனை. ஊரில் மூன்று நாள் காய்ச்சல் என்றாலே கை தானாக எழுதும். பழைய தொற்று, தடுப்பூசி, வேறு கிருமிகள் எல்லாம் அதில் ‘பாசிட்டிவ்’ காட்டும். டைஃபாய்டு சந்தேகம் என்றால் ஆன்டிபயாடிக்குக்கு முன் இரத்த வளர்ப்பு எடுங்கள்.

உணவு ஒவ்வாமைக்கு ஐஜிஜி எதிர்ப்பொருள் பட்டியல். நூறு உணவுக்கு வண்ண அட்டவணை கொடுத்துப் பெரிய தொகை வாங்குவார்கள். ஐஜிஜி இருப்பதற்கு அந்த உணவை நீங்கள் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்றுதான் பொருள். அட்டவணையைப் பார்த்து அரிசி, பருப்பு, தக்காளி எல்லாவற்றையும் விட்டு எலும்பும் தோலுமாக வருகிறவர்களிடம் இதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

சி.இ.ஏ., சி.ஏ. 19-9 போன்ற புற்றுக் குறியீடுகள். பயத்தைப் போக்க என்று எழுதினால் பயம்தான் கூடும். புற்று இல்லாதவருக்கும் ஏறும், ஆரம்பப் புற்றில் இயல்பாகவும் வரும்.

ஐந்தாம் படி: மாதிரி உருப்படியாகப் போய்ச் சேர

உங்கள் கிளினிக்குக்கு ஆய்வக வண்டி எத்தனை மணிக்கு வருகிறது என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். வண்டி போன பிறகு எடுத்த இரத்தம் இரவெல்லாம் உட்கார்ந்தால் பொட்டாசியம் பொய்யாக ஏறும், சர்க்கரை இறங்கும். மல மாதிரி இரண்டு மணி நேரத்துக்குள் போக வேண்டும். முடியாவிட்டால் வளர்ப்புக்கான கடத்து ஊடகத்திலோ குளிர்பெட்டியிலோ வையுங்கள். ஜனவரி வெயிலில் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு மணி நேரம் இருந்த டப்பாவை வாங்கி அனுப்பிப் பயனில்லை. கழிவறைத் தண்ணீர், சிறுநீர் கலக்காமல் எடுப்பது எப்படி என்று நோயாளிக்குச் செய்து காட்டுங்கள்: பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் பிடித்து, அதிலிருந்து ஒரு கரண்டி. சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் சரியாகக் கொண்டுவருவார்கள்.

படிவத்தில் ‘வயிற்று வலி’ என்று மட்டும் எழுதாதீர்கள். ‘மூன்று வாரப் போக்கு, எச்.ஐ.வி. பாசிட்டிவ், கிரிப்டோஸ்போரிடியம்?’ என்று எழுதினால் ஆய்வகத்தில் இருப்பவர் சரியான சாயத்தைப் போடுவார்.

ஆறாம் படி: முடிவு வரும் நாள்

சோதனைக்கு அனுப்பும் அன்றே இரண்டு விஷயம் பேசிவிடுங்கள். ‘இது பெரும்பாலும் இயல்பாகத்தான் வரும்; அப்படி வந்தால் இப்படிச் செய்வோம்’ என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், இயல்பான அறிக்கையோடு வருகிறவர் ‘அப்போ எனக்கு என்னதான்?’ என்று சண்டைக்கு நிற்க மாட்டார். அடுத்தது தொலைபேசி எண். இங்கே எண்கள் மாதத்துக்கு ஒரு முறை மாறும்; பெரியவர்கள் பலர் அழைப்பை எடுப்பதே இல்லை. நோயாளியின் எண்ணோடு மகளுடையதோ பக்கத்து வீட்டுக்காரருடையதோ ஒன்றைச் சம்மதத்தோடு வாங்கி அட்டையில் குறியுங்கள். அந்த எண்ணில் முடிவைச் சொல்லலாமா, ‘கிளினிக்குக்கு வரச் சொல்லுங்கள்’ என்பதோடு நிறுத்த வேண்டுமா என்பதையும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.